55 இன்ச் டிவி: 42,000-மா, 1,35,000-மா? கூடக் குடுக்கற காசு எதுக்குங்க போகுது?

கோபி_வாய்க்கால்கரை:

வணக்கமுங்க. கோபி பக்கம் தோட்டத்து வீடு, ஹாலுக்கு டிவி பாத்துட்டு இருக்கோம். சோபாவுக்கும் செவுத்துக்கும் 10 அடி. மேக்கால பாத்த பெரிய ஜன்னல் ஒண்ணு இருக்குது, 3 மணிக்கு மேல வெயில் உள்ள எறங்கும்.

அப்பா காத்தால நாலு மணி நேரம் நியூஸ் சேனல், சாயந்திரம் அம்மா சீரியல், எல்லாமே கேபிள் பாக்ஸ்தான். ராத்திரி ஓடிடில படம், அப்பப்ப கிரிக்கெட். கேம் ஆடறவங்க யாரும் இல்ல.

கடையில ரெண்டு காட்டுனாங்க. சாதா 4கே எல்இடி 42,000, ஓஎல்இடி 1,35,000. எதை எடுத்தாலும் ஸ்டெபிலைசர் 3,500, எச்டிஎம்ஐ கேபிள் 2,800 சேத்தி வாங்கியே ஆகோணும்னு சொல்றாங்க. பக்கத்துத் தோட்டத்துல மோட்டார் ஓடுனா இங்க 165 வோல்ட் வரைக்கும் எறங்குது.

நடுவுல இருக்கற 93,000 எதுக்குன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. ஸ்டெபிலைசரும் கேபிளும் வேணுமுங்களா?

---

பீளமேடு_பேனல்:

4கே-ங்கற எழுத்துக்குக் காசு குடுக்கறதா இருந்தா அதை முதல்ல அடிச்சிருங்க. நல்ல கண்ணுக்குப் பிரிச்சுப் பாக்கற எல்லை ஒரு ஆர்க் மினிட், அதாவது ஒரு டிகிரியில அறுபதுல ஒரு பங்கு. 55 இன்ச் திரையோட அகலம் 121 செ.மீ. சொச்சம். 1080-லயே (புல் எச்டி) ஒரு புள்ளி 0.63 மி.மீ.தான். அந்தப் புள்ளி தனியாத் தெரியோணும்னா 7 அடிக்குள்ள உக்காரோணும். 4கே-வோட புள்ளி தெரியறதுக்கு மூணரை அடிக்கு வரோணும். 10 அடியில உங்க வீட்டுல யாருக்கும் ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதுங்க. அந்தத் தூரத்துல 4கே வேலை செய்யறதே 75 இன்ச்சுக்கு மேலதான்.

கேபிள் பாக்ஸ்ல வர்றது அதுக்கும் கீழ. எஸ்டி சேனல் 576 கோடு, எச்டி சேனல் 1080ஐ (1080i). அப்பா பாக்கற நியூஸ் எஸ்டி-ல வந்துட்டு இருந்தா 42,000 டிவிலயும் மங்கல், 1,35,000 டிவிலயும் மங்கல். கேபிள்காரர்கிட்டச் சொல்லி எச்டி பேக் மாத்துங்க, பாக்ஸ் அவுட்புட் செட்டிங்க 1080ஐ-ல வையுங்க. ஓடிடிலயும் பிளான் பாக்கோணும். நெட்பிளிக்ஸ்ல 4கே வர்றது 649 ரூபா பிளான்ல மட்டும், 499-ல 1080 தான். ஊட்டுக்கு வர்ற நெட்டும் 15 எம்பிபிஎஸ் நிலையா நிக்கோணும்.

நெசமாக் கண்ணுக்குத் தெரியற வித்தியாசம் கறுப்புலதான். சாதா எல்இடில பின்னாடி இருக்கற லைட்டு மொத்தமா எரியும், ராத்திரிக் காட்சி சாம்பலாத் தெரியும். பெட்டியில "எச்டிஆர்"னு (வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதலாப் பிரிச்சுக் காட்டற முறை) போட்டிருப்பாங்க, ஆனா 300 நிட் (திரை வெளிச்சத்தோட அளவு) வெளிச்சம் வர்ற பேனலுக்கு எச்டிஆர் சிக்னலை வாங்கத் தெரியும், காட்டத் தெரியாது. ஓஎல்இடில ஒவ்வொரு புள்ளியும் தனியா அணையும். 93,000-ல பெரும் பங்கு அதுக்குத்தான். பேனல் செய்யற கம்பெனிக ரொம்பக் கொஞ்சம், பெரிய பேர் வெச்சிருக்கற சிலரும் வெளிய வாங்கித்தான் மாட்டறாங்க. மிச்சப் பணம் பிக்சர் பிராசசருக்கும் பேருக்கும்.

உங்க ஹாலுக்கு ஓஎல்இடி சரிப்படாதுங்க. மேக்கு வெயில்ல அந்தக் கறுப்பு கண்ணாடியா மாறி ஜன்னலையே காட்டும். கிரிக்கெட் மாதிரி முழுத்திரை வெளிச்சம் வந்தா டிவி தானாவே வெளிச்சத்தக் கொறைச்சுக்கும். நாலு மணி நேர நியூஸ்ல லோகோவும், கீழ ஓடற பட்டையும் ஒரே எடத்துல நின்னா வருசம் போகப் போகத் தடம் விழும்.

ரெண்டுக்கும் நடுவுல மினி எல்இடி இருக்குது, பின்னாடி லைட்டு சின்னச் சின்னதா இருந்து பகுதி பகுதியா அணையும், கடைக்காரர் காட்டலையா? 65 இன்ச், விஏ பேனல் (கறுப்பு நல்லா வர்ற எல்சிடி ரகம்), சில நூறு டிம்மிங் ஜோன் (தனியா மங்கற லைட்டுப் பகுதி) இருக்கற மாதிரி கேளுங்க. ஜோன் ரொம்பக் கம்மியா இருந்தா கறுப்புல வர்ற எழுத்தச் சுத்திப் பொகையாட்டம் வெளிச்சம் கசியும். விஏ-வுல ஒரு கொறை, பக்கவாட்டுல உக்காந்தாக் கலர் வெளுக்கும். அப்பா கட்டில் ஓரமா இருந்தாச் சொல்லுங்க.

---

சோமனூர்_முப்பேஸ்:

லைன் பத்தி நான் சொல்றேன். ஸ்டெபிலைசர் வேண்டாம். டிவி பின்னாடி ஸ்டிக்கர்ல பெரும்பாலும் 100-240 வோல்ட்னு போட்டிருக்கும், பாத்துக்குங்க. உள்ள இருக்கறது எஸ்எம்பிஎஸ் (வோல்டேஜ் ஏறி எறங்குனாலும் தானாச் சமாளிக்கற பவர் சப்ளை), 165-ல கூடுதல் ஆம்பியர் இழுத்துட்டு ஓடும், அவ்வளவுதான். ரிலே ஸ்டெபிலைசர் வெச்சா மோட்டார் ஏறி எறங்கற ஒவ்வொரு தடவையும் டக்கு டக்குனு மாறும், அந்த நொடி வெட்டுல டிவி ரீஸ்டார்ட் ஆகக்கூட வாய்ப்பு இருக்கு.

நம்ம பக்கம் டிவியைக் கொல்றது லோ வோல்டேஜ் இல்லீங்க, நியூட்ரல் கட் ஆகறது, அதாவது கரண்டு திரும்பிப் போற பொது ஒயர் அறுந்து போறது. டிரான்ஸ்பார்மர்லயோ கம்பத்துலயோ நியூட்ரல் ஜம்பர் லூஸாச்சுன்னா, ஒரு பேஸ்ல (மூணு கரண்டு லைன்ல ஒண்ணு) லோடு ஏறும்போது இன்னொரு பேஸ்காரர் ஊட்டுக்கு 300, 350, முழுசா அறுந்தா 400 வரைக்கும் வரும். டிவிக்குள்ள 230 வோல்ட் ஏசி-யை டிசி-யா மாத்துனா 325 டிசி. 400 வந்தா 566 டிசி. போர்டுல இருக்கற பெரிய கெப்பாசிட்டர் தாங்கறது 450 தான். எம்ஓவி (வோல்டேஜ் துள்ளலை உறிஞ்சற பார்ட்) கருகி, பியூஸ் போயி, அதுவும் பத்தாம மாஸ்பெட் (பவர் போர்டுல ஸ்விட்ச் வேலை செய்யற டிரான்சிஸ்டர்) வரைக்கும் போகும். ஆர்சிசிபி (கரண்டு கசிஞ்சா அணையற சுவிட்ச்) இதுக்கு டிரிப் ஆகாது, எம்சிபியும் (லோடு கூடுனா அணையற சுவிட்ச்) ஆகாது.

அடையாளம்: பக்கத்துல மோட்டார் போட்டதும் உங்க ஊட்டு லைட்டு மங்காம பளிச்சுனு ஏறுனா, ஃபேன் வேகம் புடிச்சா, நியூட்ரல் லூஸ். அப்பவே மெயினை ஆஃப் பண்ணிட்டு மின்வாரியத்துக்குச் சொல்லிருங்க.

போட வேண்டியது ரெண்டு. ஒண்ணு, ஓவர்-அண்டர் வோல்டேஜ் ரிலே, வோல்டேஜ் எல்லை தாண்டுனா லைனைத் துண்டிக்கும், டிபி பெட்டியில (மெயின் சுவிட்ச் பெட்டி) எம்சிபி பக்கத்துலயே உக்காரும். மேல் கட் 265-270. கீழ் கட் மாத்தற வசதி இருக்கறதாப் பாருங்க. உங்களுக்கு 165 எறங்கறதால டிவி லைனுக்கு 150 வெக்கோணும், இல்லாட்டிப் பொழுதுக்கும் டிரிப் ஆகும். பிரிட்ஜுக்கு 150 ஆகாது, அதை வேற லைன்ல விடுங்க.

ரெண்டு, டைப் 2 சர்ஜ் அரெஸ்டர், திடீர் வோல்டேஜ் துள்ளலை எர்த்துக்குத் தள்ளி விடறது. இதுல 275 வோல்ட், 320 வோல்ட்னு ரெண்டு ரகம் வரும். நம்ம லைனுக்கு 320 எடுங்க. அரெஸ்டர் மின்னலோட நொடித் துள்ளலுக்குத்தான், நியூட்ரல் கட்டுல நின்னு வர்ற 400-ஐத் தாங்காது, அதுவே எரிஞ்சுரும். அதனால ரெண்டுல ஒண்ணு போதும்னு நெனைக்காதீங்க. பேஸ்ல இருந்து அரெஸ்டர், அங்கிருந்து எர்த் பார், மொத்த ஒயரும் அரை மீட்டருக்குள்ள முடியோணும். அழகுக்குச் சுத்தி வளைச்சுக் கட்டுனாப் பாதிப் பலன் ஒயர்லயே போயிரும்.

எர்த் இல்லாம அரெஸ்டர் வெறும் டப்பா. நம்ம சரளை மண்ணு, பாறை மண்ணுல ரெண்டு அடிக் குழியில கம்பிய நட்டுட்டு எர்த்துன்னு சொல்லிட்டுப் போயிருவாங்க. எர்த் டெஸ்டர் கொண்டு வரச் சொல்லி 5 ஓமுக்குக் கீழ வருதான்னு பாருங்க. மீட்டர் மட்டும் இருந்தா, ஊட்டுல லோடு ஓடறப்போ நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல அளங்க. ரெண்டு மூணு வோல்ட் பரவால்ல, அஞ்சு தாண்டுனா நியூட்ரலையும் எர்த்தையும் பாக்கோணும். கோடையில குழிக்குத் தண்ணி ஊத்தறதை மறந்துராதீங்க.

சித்திரை வைகாசி இடி மழைக்குப் பிளக்கைப் புடுங்கறவங்க கேபிள் ஒயரைப் புடுங்கறதில்ல. மின்னல் அந்த ஒயர் வழியா பாக்ஸுக்கு வந்து, எச்டிஎம்ஐ போர்ட் வழியா மெயின் போர்டைத் தூக்கிரும். அதையும் கழட்டுங்க.

---

ஆர்எஸ்புரம்_இருட்டறை:

பேனல் நண்பர் சொன்னதில் எனக்குப் பாதிதான் உடன்பாடு. அந்த ஹாலுக்கு ஓஎல்இடி வேண்டாம் என்பது சரி. ஆனால் பொதுவாகவே ஓஎல்இடிக்குத் தரும் காசு வீண் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இருட்டறையில் படம் மட்டும் பார்ப்பவருக்கு மினி எல்இடி இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. பக்கவாட்டில் உட்கார்ந்தாலும் கலர் மாறாதது இன்னொரு லாபம். பெரும்பாலும் 120 ஹெர்ட்ஸ் பேனலாகவும் (நொடிக்கு 120 முறை படம் மாறுவது) இருக்கும். சினிமா 24 பிரேம், 120-ல் ஒவ்வொரு பிரேமும் சமமாக ஐந்து முறை நிற்கும். 60-ல் மூன்று, இரண்டு என்று மாறி மாறி நிற்பதால் கேமரா மெதுவாகத் திரும்பும்போது படம் தத்தும். மினி எல்இடி வாங்கினாலும் 120 கேட்டு வாங்குங்கள்.

2,800 ரூபாய் கேபிள் வேண்டவே வேண்டாம். டிஜிட்டல் சிக்னலில் கேபிள் கெட்டால் படத்தில் புள்ளி மின்னும், இல்லாவிட்டால் படம் அறுந்து கறுப்பாகும். "கலர் கொஞ்சம் செழிப்பாகத் தெரியும்" என்பதற்கு வழியே கிடையாது. உங்கள் பாக்ஸ் கொடுப்பது 1080ஐ, பெட்டிக்குள் வரும் சாதாக் கேபிளே போதும். ஓடிடி டிவிக்குள்ளேயே ஓடுவதால் அதற்குக் கேபிளே தேவையில்லை.

எந்த டிவியானாலும் கடையில் இருந்து வரும்போது பெரும்பாலும் கண்ணைப் பறிக்கும் மோடில்தான் இருக்கும். சினிமா அல்லது பிலிம்மேக்கர் மோடுக்கு மாற்றி, கலர் டெம்பரேச்சரை வார்மில் வையுங்கள். முதல் இரண்டு நாள் மஞ்சளாகத் தெரியும், பிறகு பழகிவிடும். மோஷன் ஸ்மூத்திங்கை (இடையில் பிரேம்களைத் தானே சேர்க்கும் வசதி) படத்துக்கு அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எல்லாப் படமும் சீரியல் மாதிரி வழுக்கும்.

---

கோபி_வாய்க்கால்கரை:

ரொம்ப நன்றிங்க. அப்பா கட்டில் ஓரந்தான், ஒரு 40 டிகிரி சாய்வுல வரும். இன்னொண்ணு, எங்கம்மா டிவி பாத்து முடிச்சதும் செவுத்து சுவிட்சையே அணைச்சுருவாங்க. அது தப்புங்களா? அந்த 42,000 டிவிய எடுத்தா எத்தனை வருசம் வரும்?

---

பீளமேடு_பேனல்:

எல்இடிக்கு, மினி எல்இடிக்குச் சுவிட்ச அணைக்கறது ஒண்ணும் பண்ணாதுங்க, இடி மழைக்கு நல்லதுகூட. ஓஎல்இடிக்குத்தான் வம்பு. மொத்தமா நாலு மணி நேரம் ஓடுனதும், ரிமோட்ல அணைச்ச பின்னாடி ஸ்டாண்ட்பைல சில நிமிசம் தானாவே பேனலைச் சரி பண்ணிக்கற வேலை ஒண்ணு நடக்கும். சுவிட்சப் போட்டு அணைச்சா அது நடக்கவே நடக்காது, தடம் சீக்கிரம் விழும்.

40 டிகிரின்னா விஏ வெளுக்கும். செவுத்துல திருப்பற மாதிரி ஸ்டாண்டு போட்டு காத்தால அப்பா பக்கம் திருப்பிக்கலாம், இல்லாட்டி வைட் ஆங்கிள் லேயர் போட்ட மாடலாப் பாருங்க.

42,000 டிவில மொதல்ல போறது பின்னாடி லைட்டுப் பட்டை. கடையில இருந்து வரும்போது பேக்லைட் பெரும்பாலும் 100-ல இருக்கும், அந்தச் சூட்டுல எல்இடி கருகும். பட்டையில எல்லாம் வரிசைத் தொடர்ல இருக்கறதால ஒண்ணு போனா மொத்தமும் இருட்டு. சத்தம் வருது, படம் இல்லன்னா டார்ச்சைத் திரை மேல சாய்வா அடிங்க. உள்ள படம் மங்கலா ஆடுனா லைட்டுப் பட்டை தான், பேனல் நல்லா இருக்குது. முழு செட்டா மாத்தச் சொல்லுங்க, ஒத்தை எல்இடி மாத்துனாத் திட்டுத் திட்டாத் தெரியும். பேனலைத் தூக்கறவர் கை பழகுனவரா இருக்கோணும், ஓரத்துல இருக்கற பிலிம் ஐசி (பேனலுக்குச் சிக்னல் கொண்டு போற மெல்லிசுப் பட்டை) கிழிஞ்சாப் பேனலே போச்சு. வாங்குன அன்னைக்கே பேக்லைட்ட 60-70க்கு எறக்கிட்டா அந்த நாளைத் தள்ளிப் போடலாம். தோட்டத்து வீடுன்னா காத்து ஓட்டைக்குள்ள பல்லி போயி பவர் போர்டுல ஒட்டிக்கும், செவுத்துக்கும் டிவிக்கும் கொஞ்சம் எடம் விட்டு அப்பப்பத் தொடைங்க.

எது எடுத்தாலும் வாரண்டில பேனலுக்கு எத்தனை வருசம்னு தனியாக் கேட்டு பில்லுல எழுதி வாங்குங்க. பேனல் போனா மாத்தற செலவு புது டிவி விலைக்குப் பக்கத்துல வந்துரும். காசு கட்டி நீட்டற வாரண்டில கரண்டு ஏத்த எறக்கம் பெரும்பாலும் சேராது, அந்த வரியத் தேடிப் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க.

கடையில பாக்கறப்போ டெமோ வீடியோவ நிறுத்தச் சொல்லிட்டு உங்க பென் டிரைவ்ல ஒரு ராத்திரிக் காட்சியும், கிரிக்கெட் துண்டு ஒண்ணும் போட்டு, கட்டில் ஓரத்துச் சாய்வுல நின்னு பாருங்க. 32 இன்ச்சுக்கு மேல ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22-ல இருந்து 28-ல இருந்து 18 ஆயிருச்சு. பழைய விலைச் சீட்டக் காட்டித் தள்ளுபடின்னு சொன்னா ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்க.

---

சோமனூர்_முப்பேஸ்:

ஸ்டெபிலைசர் 3,500, கேபிள் 2,800, ரெண்டும் சேத்தி 6,300 ஆச்சு. அந்தக் காசை ரிலே, அரெஸ்டர், எர்த் குழிக்குப் போடுங்க. எலக்ட்ரீசியனை டிவி வர்றதுக்கு முன்னாடியே வரச் சொல்லுங்க. செவுத்துல மாட்டுன அப்புறம் பிளக் பாயிண்ட் பின்னாடி போயிரும், கை நுழையாது.