ரெஸ்யூம் அப்லோடு பண்ணினா படிவம் தாறுமாறா நிரம்புது, என்ன செய்யலாம்?

கேள்வி
ஆன்லைன்ல வேலைக்கு அப்ளை பண்றப்ப, ரெஸ்யூம் பிடிஎஃப்பை ஏத்தினதும் படிவம் தானா நிரம்புதே, அதுல எல்லாமே குளறுபடி. போன் நம்பர் கட்டம் காலி. கம்பெனி பெயர் வர வேண்டிய இடத்துல 'எக்செல்'னு இருக்கு. கேன்வாங்கிற டிசைன் தளத்துல செஞ்ச ரெஸ்யூம்: இடப்பக்கம் ஸ்கில்ஸ், வலப்பக்கம் அனுபவம். ஒரு இடத்துல அப்ளை பண்ணின பத்தே நிமிஷத்துல ரிஜெக்ட் மெயில் வந்துடுச்சு. இதுதான் காரணமா?

பதில் 1
முதல்ல பிடிஎஃப்பைத் திறந்து கன்ட்ரோல் + ஏ, கன்ட்ரோல் + சி கொடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்க. அங்கே வர்ற வரிசையிலதான் கிட்டத்தட்ட அந்தத் தளமும் படிக்கும்.

எதுவுமே செலக்ட் ஆகலைன்னா அது வெறும் படம். ஸ்கேன் செஞ்ச பிடிஎஃப்புக்கும் இதே கதிதான். எழுத்துக்குப் பதிலா கட்டம் கட்டமா வந்தா ஃபான்ட் கோளாறு. 'எக்செல் கணக்காளர் டேலி 2021 – 2023'ன்னு ரெண்டு பக்கமும் ஒரே வரியில கலந்து வந்தா, பக்கத்தை இடம் வலம்னு ரெண்டாப் பிரிச்ச அமைப்புதான் காரணம். உங்களுக்கு அநேகமா இதுதான்.

போன் நம்பர் காலியா இருக்கிறதுக்கு எழுத்து இடைவெளியைப் பாருங்க. அழகுக்காக அதை அகலப்படுத்தியிருந்தா எண்கள் தனித்தனியா உதிர்ந்துடும். வேர்டில் செய்றவங்களுக்கு வேற சிக்கல்: பக்கத்தோட மேல் ஓரத்துல தனியா இருக்கிற ஹெட்டர் பகுதிக்குள்ள போட்ட நம்பரைப் பல தளங்கள் படிக்கிறதே இல்ல.

வேர்டில் பக்கத்தை ரெண்டாப் பிரிக்காம, டெக்ஸ்ட் பாக்ஸும் டேபிளும் இல்லாம மறுபடி அடிங்க. முதல் வரி பெயர், அடுத்த வரி போனும் மெயிலும். தலைப்பு 'வொர்க் எக்ஸ்பீரியன்ஸ்', 'எஜுகேஷன்', 'ஸ்கில்ஸ்'னு வழக்கமானதாவே இருக்கட்டும். 'என் பயணம்'னு போட்டா எந்தக் கட்டத்துல சேர்க்கிறதுன்னு அதுக்குத் தெரியாது. தேதி எல்லா இடத்துலயும் மாதம், வருஷம்னு ஒரே மாதிரி. 'சேவ் அஸ்' போய் பிடிஎஃப்பா சேமிங்க, திரும்ப நோட்பேட் சோதனை.

பதில் 2
பத்து நிமிட நிராகரிப்புக்கு ரெஸ்யூம் அமைப்பைக் குறை சொல்ல வேண்டாம். படிவத்தின் கடைசியில் வரும் கேள்விகளைத்தான் சந்தேகிக்க வேண்டும்: எத்தனை வருட அனுபவம், அந்த நாட்டில் வேலை செய்ய அனுமதி உண்டா, ஷிப்ட் சம்மதமா. இவற்றை நாக் அவுட் கேள்விகள் என்பார்கள். குறிப்பிட்ட பதில் வந்தால் தானாகவே நிராகரிக்கும்படி நிறுவனம் அமைத்து வைக்கலாம். அனுபவக் கட்டத்தில் தவறுதலாக 0 விழுந்திருந்தாலே போதும். விண்ணப்பத்தின் நகல் மெயிலுக்கு வந்திருந்தால் அதில் பாருங்கள். தவறு உங்கள் பக்கம் என்றால், விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்று மறுபடி அனுப்பச் சில தளங்கள் விடும்; இல்லையென்றால் எச்ஆருக்கு இரண்டு வரி மெயில் போடுங்கள். தகுதி இல்லாமல் 'ஆம்' என்று டிக் அடிக்காதீர்கள், இன்டர்வியூவில் மாட்டும்.

மென்பொருள் மார்க் போட்டு ரெஸ்யூமைக் குப்பையில் எறிகிறது என்பதெல்லாம் பெரும்பாலும் ரெஸ்யூம் எழுதி விற்பவர்கள் கிளப்பும் பீதி. அதை நம்பி வேலை விளம்பரத்தில் வரும் முக்கியச் சொற்களை (கீவேர்டு) கண்ணுக்குத் தெரியாதபடி வெள்ளை எழுத்தில் ஒளித்து வைப்பவர்களும் உண்டு. தளம் எழுத்தை மட்டும் உருவி எடுத்துக் காட்டும்போது அது அப்படியே எச்ஆர் கண்ணில் படும்.

கேள்வி கேட்டவர்
வேர்டில் மாத்திட்டேன், நம்பர் வருது. ஆனா ஒரே கம்பெனியில ரெண்டு பதவி: முதல்ல ஜூனியர், அப்புறம் சீனியர். ரெண்டும் ஒண்ணா ஒட்டிக்கிட்டு, ஜூனியர் தேதி சீனியருக்குப் போயிடுது.

பதில் 1
கம்பெனி பெயரை மேலே ஒரு தடவை மட்டும் போட்டிருப்பீங்க. ரெண்டு பதவிக்கும் கம்பெனி பெயர், பதவி, தேதி மூணையும் தனித்தனியா எழுதுங்க. பார்க்க உறுத்தும்தான், ஆனா சரியா பிரியும். தேதியை வலது ஓரத்துக்குத் தள்ள ஸ்பேஸ் தட்டாதீங்க, டேப் ஸ்டாப் (டேப் கீயை அழுத்தினா எழுத்து போய் நிக்கிற இடம்) வைங்க.

அந்தத் தளத்துல பழைய பிடிஎஃப் இன்னும் சேமிச்சிருந்தா முதல்ல அதை அழிச்சுடுங்க. இல்லைன்னா அடுத்த தடவை அப்ளை பண்றப்ப அதுவே போய்ச் சேரலாம். கேன்வா ரெஸ்யூமைத் தூக்கிப் போட வேண்டாம். நேரா ஒருத்தர் மெயிலுக்கு அனுப்புறப்ப அதையே அனுப்பலாம்.