பேரன் 4 நாளு தங்க வர்றான், என்ன பண்றதுன்னு சொல்லுங்க

தண்டையார்பேட்டை தாத்தா:
பொண்ணு பெங்களூர்ல இருந்து வந்து பேரனை நாலு நாளு எங்ககிட்ட விட்டுட்டுப் போறா, 8 வயசு. மே மாச வெயிலு, எனக்கு முட்டி வலி, வீட்டம்மாவுக்கு சுகர், பையன் சும்மா இருந்தா செல்லைத் தான் நோண்டுவான். எங்க கூட்டிட்டுப் போறது?

மெட்ரோவாசி:
உங்க ஏரியாலயே மெட்ரோ ஏறி ஏர்போர்ட் வரைக்கும் போய்ட்டு வாங்க சார். ஃபுல் ஏசி, லிஃப்ட் வேற இருக்கு. சைதாப்பேட்டை தாண்டினதும் ரயிலு பூமிக்குள்ள இருந்து மேல ஏறும் பாருங்க, என் பையன் அதுக்காகவே ஜன்னலை விடமாட்டான்.

கடலோரம்:
விடியக்காலைல காசிமேடு மீன்பிடி துறைமுகம் போங்கண்ணே.

ராயபுரம்காரி:
இப்போ மீன்பிடி தடைக்காலம்பா, ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு போகாது, சின்ன ஃபைபர் படகுல புடிக்கிற மீனு தான் வரும். ஆனா போட்டெல்லாம் வரிசையா கட்டி வலை பின்னிட்டு இருப்பாங்க, பசங்களுக்கு அதுவே வேடிக்கை. அப்படியே 1856ல தொறந்த ராயபுரம் ரயில்வே ஸ்டேஷனையும் காட்டுங்க. 9 மணிக்குள்ள வீட்டுக்கு வந்துடுங்க, நுங்கு வாங்கிக்குடுங்க.

தண்டையார்பேட்டை தாத்தா:
ரொம்ப தேங்க்ஸ்மா. மொட்டை மாடில வடகம் காயுது, காக்கா ஓட்டுற வேலை அவனுக்குத் தான்னு பாட்டி இப்பவே சொல்லிட்டாங்க 😀