மூட்டு மாற்றிய பிறகு ரயில் ஏறியவர்கள்: காரைக்குடிப் பக்கத்து அனுபவங்கள் (ரயில் ரசிகர்கள் புனைபெயர்களில் எழுதிக்கொண்டது)

தேவகோட்டை ரஸ்தா:
பாதத்தை ஆட்டு, தொடையை இறுக்கு, குதிகாலை இழுன்னு பிசியோ பாடமெல்லாம் இங்கே எல்லாருக்கும் மனப்பாடம். ரயில் படியில எந்தக் காலை முதல்ல வைக்கணும்னு மட்டும் யாரும் சொல்லித் தர்றதில்லை. நம்ம அண்ணன் ஒருத்தர், வலது முழங்கால் மூட்டு மாத்தி ரெண்டு மாசம் ஆனவர், செக்கப்புக்குச் சென்னை போக காரைக்குடியில போட் மெயில் (ராமேஸ்வரத்துலேருந்து வர்ற ராத்திரி வண்டி) ஏற வந்தாக. வலது காலைத் தூக்கிப் படியில வச்சாச்சு, ரெண்டு கையும் கம்பியில. உடம்பு மேலே வரலை. வண்டி புறப்படுறதுக்கான ஸ்டார்ட்டர் சிக்னல் விழுந்துருச்சு. கீழே நின்ன மருமகன் ஒரு கையில வாக்கர், மறு கையால மாமனார் முதுகைத் தள்ளுறார். மேலேருந்து ஒருத்தர் அக்குளைப் பிடிச்சு இழுக்கிறார். ஏறிட்டாக, ஆனா அந்த முகம் இன்னும் கண்ணுலயே நிக்குது.

காரணம் எளிசு. பெட்டியோட தரை தண்டவாளத்துலேருந்து ஏறக்குறைய 1.3 மீட்டர். உயரமான பிளாட்பாரமே 76 முதல் 84 செ.மீ.தான். மிச்சம் அரை மீட்டர், நடுவுல ஒரு படி. அதாவது ஒவ்வொரு ஏற்றமும் 25 செ.மீ. பக்கம். வீட்டு மாடிப்படி 15, 17 செ.மீ. தான் இருக்கும். ஆபரேஷன் ஆன தொடைத் தசைக்கு அந்தப் பத்து செ.மீ. வித்தியாசம் மலை.

ஏறும்போது நல்ல கால் முதல்ல. அதை ஊனி உடம்பைத் தூக்கிட்டு, அப்புறம் ஆபரேஷன் காலைக் கொண்டுவந்து அதே படியில சேர்க்கணும். படிக்கு ஒரு கால்னு மாத்தி மாத்தி ஏறக்கூடாது. வாக்கரை மடக்கி முன்னாடியே உள்ளே கொடுத்துடணும். துணைக்கு வர்றவர் ஒருத்தர் முதல்லயே ஏறி உள்ளே நிக்கணும், இன்னொருத்தர் ஆபரேஷன் கால் பக்கமா பின்னாடி நின்னு இடுப்பு பெல்ட்டைப் பிடிச்சா போதும். இறங்கும்போது பெட்டியைப் பார்த்தபடி, ஏணியில இறங்குற மாதிரி, ஆபரேஷன் கால் முதல்ல.

கல்லல் கேபின்:
ரஸ்தா சொன்னது சரி, ஆனா கோளாறு காலில் இல்லை, வண்டியைத் தேர்ந்தெடுத்ததில். வழியில் நிற்கும் வண்டியில் நோயாளியை ஏற்றுவானேன்? பல்லவன் எக்ஸ்பிரஸ் காரைக்குடியிலிருந்தே புறப்படுகிறது. 2013-ல் திருச்சியிலிருந்து நீட்டித்தார்கள். விடியற்காலையில் ரேக் (பெட்டித் தொடர்) முன்கூட்டியே பிளாட்பாரத்தில் வந்து நிற்கும். பத்து நிமிஷம் எடுத்து ஏறலாம், விசில் பயம் கிடையாது. பகல் வண்டி, வெளிச்சம், தூக்கம் கெடாது, எழும்பூரில் மதியம் இறங்கலாம்.

ஒன்று மட்டும் கவனம். பகல் வண்டியில் போன ஒரு நண்பர் நடைபாதை ஓர சீட்டில் காலை நடைபாதைக்கு நீட்டியிருந்தார். டீ கேன் தூக்கி வந்தவர் பின்பக்கம் பார்த்து யாருக்கோ சில்லறை கொடுத்தபடி நடந்தார். கேனின் அடிவிளிம்பு நேராகத் தையல் மேல். நண்பர் கத்தவில்லை. முன்சீட்டு முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான். ஆகவே ஓர சீட்டு வேண்டும், ஆனால் ஆபரேஷன் கால் நடைபாதைப் பக்கம் விழாதபடி. நீட்டியே ஆகவேண்டும் என்றால் மூட்டு மேல் மடித்த துண்டைப் போட்டுக்கொள்ளுங்கள். பார்க்கிறவர்களுக்கும் அதுவே அடையாளம்.

கோட்டையூர் கேட்:
கேபின் அண்ணே, ஏறக்குறைய 7 மணி நேரம் காலை மடக்கி உட்கார வைத்துவிட்டு நல்ல யோசனை என்கிறீர்களே! இரண்டாம் வகுப்பு இருக்கையில் வரிசைக்கு மூன்றும் மூன்றும். முன்சீட்டுக்கும் முழங்காலுக்கும் ஒரு சாண் கூட இருக்காது. உட்கார்ந்தே போனால் வீக்கம் இறங்காது. கெண்டைக்கால் ரத்தம் உறையும் ஆபத்து வேறு. மூட்டு மாற்றிய பிறகு சில வாரங்களுக்கு அந்த ஆபத்து கூடுதல். அதனால்தான் முதல் 6 வாரம் நெடும்பயணம் வேண்டாம் என்று பல டாக்டர்கள் சொல்கிறார்கள். போயே ஆகவேண்டும் என்றால் கீழ்ப்படுக்கைதான். காலை நீட்டிப் படுக்கலாம், மணிக்கொரு தரம் எழுந்து கதவு வரை நடக்கலாம்.

கீழ்ப்படுக்கை கிடைக்காததற்குப் பெரும்பாலும் டிக்கெட் எடுக்கிறவரே காரணம். மூத்தோர் கோட்டா ஆணுக்கு 60 வயதிலிருந்து, பெண்ணுக்கு 45-லிருந்து. டிக்கெட்டில் அப்படிப்பட்டவர் ஒருவரோ இருவரோ மட்டும் இருக்கவேண்டும். 68 வயது அப்பச்சியோடு 35 வயது மகனையும் ஒரே டிக்கெட்டில் சேர்த்த மறுகணம் கோட்டா போச்சு, பொதுவில் விழுந்து மிடில் பெர்த் வந்து நிற்கும். பெரியவருக்குத் தனி டிக்கெட், துணைக்குத் தனி டிக்கெட். ஆன்லைனில் எடுத்தால் கீழ்ப்படுக்கை கிடைத்தால் மட்டும் பதிவு செய் என்ற தெரிவும் இருக்கிறது, அதைத் தட்டுங்கள். பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கை வந்தால், பழைய பெட்டியில் இரண்டு சீட்டு சேரும் இடத்தில் மேடு இருக்கும், அது சரியாக இடுப்பின் கீழ் வரும். போர்வையை நாலாக மடித்து அந்தப் பள்ளமேட்டைச் சமன் செய்துவிட்டுப் படுக்கவும். மிடில் பெர்த்தை இரவு 10 முதல் காலை 6 வரைதான் போடலாம். அதற்கு முன்னால் போட்டால் நீங்கள் குனிந்து உட்காரவேண்டிவரும், பணிவாகச் சொல்லுங்கள்.

தலையணை குதிகாலுக்குக் கீழ். மூட்டுக்குக் கீழ் வைக்காதீர்கள். சுகமாக இருக்கும், ஆனால் மூட்டு மடங்கியபடியே இறுகிப்போகும். அப்புறம் நேராக நீட்ட வராது.

புதுவயல் லூப்:
படி ஏறுவது பற்றி வந்ததால் ஒன்று. 2019-ல் காரைக்குடி-திருவாரூர் பாதை அகலப்பாதையாகி டெமு (டீசலில் ஓடும் பயணிகள் வண்டி) ஓட ஆரம்பித்தபோது பல கேட்டுகளில் ஆளே கிடையாது. கேட் கீப்பர் வண்டியிலேயே வருவார். கேட்டுக்கு முன் இறங்கி மூடுவார், வண்டி கடந்ததும் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறுவார். பிளாட்பாரம் ஏது, ஜல்லியிலிருந்து நேரே 1.3 மீட்டருக்கும் மேல். அந்தக் கீப்பர்களில் வயதான ஒருவர் ஏறியது இன்னும் நினைவில் நிற்கிறது. எப்போதும் இடது காலைத்தான் முதலில் வைப்பார். கையால் இழுக்கவே மாட்டார், கை வெறும் பிடிமானம். தூக்குவது தொடை. வலது முட்டியில் துணிப் பட்டை கட்டியிருந்தார். ரஸ்தா எழுதியதை அந்த மனுஷர் யாரும் சொல்லித் தராமலே செய்துகொண்டிருந்தார்.

இரண்டாங்கட்டு:
எல்லாரும் வண்டியிலேயே நிக்கிறீக. வீட்டுல விழாம இருந்தாத்தானே வண்டி ஏற முடியும்?

நம்ம செட்டிநாட்டு வீடுக வாக்கருக்குக் கட்டினது இல்லை. நிலைப்படி ஒவ்வொண்ணும் அரை முழம். சக்கரம் வச்ச வாக்கர் தாண்டாது, நாலு காலும் ரப்பர் போட்டதுதான் சரி. தரையில பதிச்ச ஆத்தங்குடிக் கல் கண்ணாடி மேலே வார்த்து எடுக்கிறது, அந்த வழவழப்பு அதுலேருந்துதான். காய்ஞ்சிருந்தா பரவாயில்லை, வளவுல (நடு முற்றத்துல) மழைச்சாரல் தெறிச்சிருந்தா வாக்கர் கால் ஒரு பக்கமா ஓடிரும். ரப்பர் குப்பி அடியில வளையக் கோடு இருக்கும். கோடு தேய்ஞ்சா அன்னைக்கே மாத்துங்க, மெடிக்கல் கடையிலேயே கிடைக்கும்.

கட்டிலை முகப்புல போட்டா வந்தவகளைப் பார்க்க வசதி. ஆனா கழிப்பறை பின்னாடி கிணத்தடியில, வீடோ ஒரு தெருவுலேருந்து மறு தெரு வரைக்கும் நீளம், அவ்வளவும் நடக்கணும். ராத்திரி அவசரத்துல அந்த நடையிலதான் விழறாக. முதல் ஒரு மாசம் கட்டில் இரண்டாங்கட்டுக்கு (வளவுக்குப் பின்பகுதிக்கு) போகட்டும். பகல்ல மட்டும் முகப்பு வரைக்கும் நடக்கட்டும், அதுவே பயிற்சி.

என்னை விடாம உறுத்துறது வேற. பக்கத்து வீட்டு ஐயா, ஆபரேஷன் ஆன மூணாம் வாரம், பழக்க தோஷத்துல பர்மாத் தேக்கு சாய்வு நாற்காலியில சாஞ்சுட்டாக. சாயங்கால வண்டி சத்தம் கேட்டுக்கிட்டே உக்காரணுமாம். எந்திரிக்க முடியலை. இடுப்பு முழங்காலை விடக் கீழே போயிருச்சு, ஊன இடம் இல்லை. ஆச்சி தனியா, குரல் கொடுத்து ரெண்டு பேர் வந்து தூக்கினோம். நாற்காலி 18, 20 அங்குல உயரம் இருக்கணும், கைப்பிடி கட்டாயம், உக்காந்தா இடுப்பு முட்டியை விட மேலே இருக்கணும். கழிப்பறைக்கும் அதே கணக்கு, மேலே வைக்கிற உயர சீட்டு விக்கிறாக. பந்தியில சம்மணம் போடுறதை மறந்துருங்க, கல்யாண வீட்டுல மேசை கேட்டா யாரும் தப்பா நினைக்க மாட்டாக.

சாப்பாடு: கத்தரிக்கா, முட்டை, புளி சேர்த்தா சீழ் வைக்கும்னு ஒரு ஆச்சியாவது வந்து சொல்லுவாக. புண் ஆற புரதம் வேணும். முட்டை, மீன், பருப்பு தினமும் போடுங்க. வலி மாத்திரை சிலது மலச்சிக்கல் பண்ணும், அதுக்குத் தண்ணியும் காய்கறியும். ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் சாப்பிடுறவுக மட்டும் கீரையை ஒரு நாள் கூடையாவும் ஒரு நாள் இல்லாமலும் சாப்பிடாம, ஒரே அளவா வச்சுக்கணும்.

கல்லல் கேபின்:
ஆட்டுக்கால் சூப் விட்டுப்போச்சே.

இரண்டாங்கட்டு:
உள்ளே இருக்கிறது கோபால்ட் குரோமியமும் பிளாஸ்டிக்கும், கேபின் தம்பி. அதுக்கு ஆட்டுக்கால் என்ன பண்ணும்? ருசிக்குக் குடிங்க.

பொன்மலை அல்கோ:
மூட்டோடு நிறுத்திவிட்டீர்கள். இதய பைபாஸ் ஆனவர்களுக்கு மேலே சொன்ன யோசனையில் பாதி ஆகாது. ரஸ்தாவின் அண்ணன் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து ஏறினாரே, நெஞ்செலும்பைப் பிளந்து கம்பி போட்டுக் கட்டியவர் அதைச் செய்யவே கூடாது. எலும்பு கூட 6 முதல் 8 வாரம், சிலருக்கு 12 வாரமும் ஆகும். அதுவரை கையால் உடம்பை இழுக்கக்கூடாது, தள்ளக்கூடாது, 2, 3 கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது. இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமவேண்டும். அவர்கள் காலால்தான் ஏறவேண்டும், கம்பியைத் தொட்டுக்கொண்டு மட்டும்.

பைபாஸ் ஆகி ஐந்தாவது வாரம் ஒரு நண்பர் திருமயம் பக்கம் படம் எடுக்க வந்தார். மின்மயமான பிறகு அபூர்வமாக வரும் அல்கோ டீசல் இன்ஜின் ஒன்று அன்றைக்கு வருவதாகச் சேதி. 70-200 லென்ஸ் ஒன்றே ஒன்றரைக் கிலோ, கேமராவோடு சேர்த்து இரண்டரை. கழுத்தில் மாட்டிக் கையைத் தூக்கினார். இன்ஜின் வளைவில் தெரிந்தது, புகை எழும்பியது, அவர் ஷட்டரை அழுத்தவில்லை. கேமராவை மெதுவாக இறக்கி, இரண்டு கையையும் நெஞ்சின் மேல் குறுக்காக வைத்துக்கொண்டு நின்றார். நெஞ்சுக்குள் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டதாகச் சொன்னார். அப்படிச் சத்தமோ அசைவோ இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போகவேண்டும், அவர் போனார். படம் எடுக்க முக்காலி (ட்ரைபாட்) போதும். அதையும் வேறு யாராவது தூக்கிவரட்டும்.

கண்புரை ஆனவர்களுக்கு ஒரே வரி: கதவில் நிற்காதீர்கள், பிரேக் தூசி போதும் வினையாக. சொட்டு மருந்து முடியும்வரை ஜன்னலோரத்தில்கூட கண்ணாடி போடுங்கள்.

அப்புறம் மூட்டு மாற்றியவருக்கும் கட்டணச் சலுகை உண்டு என்று எங்கேயோ தப்பாக ஓடுகிறது. இதய அறுவைக்குப் போகிறவருக்கும் கூட ஒரு துணைக்கும் ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசி, ஏசி சேர் காரில் 75 சதவீதம் உண்டு. மருத்துவமனை அதற்கான படிவத்தில் சான்று தரவேண்டும், கவுண்டரில் எடுக்கவேண்டும். மூட்டு மாற்றுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. மூத்தோர் கட்டணச் சலுகை 2020 மார்ச்சிலிருந்து நிற்கிறது. கோட்டையூர் சொன்ன கீழ்ப்படுக்கைக் கோட்டா வேறு, அது இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டு கவுண்டர்காரரிடம் சண்டை போடாதீர்கள்.

கோட்டையூர் கேட்:
மாற்றுத்திறனாளி பெட்டியில் ஏறிக்கொள்ளலாமா என்று தனியாகக் கேட்டவருக்கு: அதற்குரிய சான்று இல்லாமல் முடியாது. டிஸ்சார்ஜ் சீட்டு அதற்குச் செல்லாது. ஆனால் சீட்டைக் கையில் வையுங்கள், நிலைய வாசலின் மெட்டல் டிடெக்டர் சட்டம் மூட்டைக் கண்டு கத்தும்போது காட்டலாம்.

வண்டியில் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாகி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ சென்னை வரட்டும் என்று உட்காராதீர்கள். ரயில்வே உதவி எண் 139-ஐக் கூப்பிடுங்கள், அடுத்த பெரிய நிலையத்தில் டாக்டர் வருவார்.

கல்லல் கேபின்:
இவ்வளவுக்கும் பிறகும் பல்லவன்தான் என்கிறேன். ஏசி சேர் காரில் வரிசைக்கு மூன்றும் இரண்டும்தான், கால் வைக்க இடம் பரவாயில்லை. மணிக்கொரு தரம் எழுந்து நடக்கச் சொன்னது படுக்கை வண்டிக்கு மட்டுமா? நடுராத்திரி எழுந்து நடக்கிறவரை நான் பார்த்ததில்லை. பகலில் அரியலூர், விருத்தாசலம் என்று நிலையத்துக்கு நிலையம் எழுந்து கதவு வரை போய்ப் பார்க்காத ரயில் பைத்தியத்தையும் பார்த்ததில்லை.

கோட்டையூர் கேட்:
அதை ஒத்துக்கொள்கிறேன். 2 மாதம் தாண்டியவர்களுக்கு மட்டும்.

தேவகோட்டை ரஸ்தா:
அண்ணன் அடுத்த செக்கப்புக்கு வியாழக்கிழமை போறாக, பல்லவன்லயே. வளவுப் படியில நல்ல கால் முதல்லன்னு ஏறிப் பழகிட்டு இருக்காக. காலையில ஜங்ஷன் வர்றவுக யாராவது மெஷின் ஆயில் ஒரு சின்ன டப்பா கொண்டாங்க. வாக்கர் மடக்குற பட்டன் இறுகிப் போச்சு. யாரோ தேங்காய் எண்ணெய் விட்டுப் பிசுக்குப் பிடிச்சுக் கிடக்கு.