வல்லை வெட்டையில கண்டல் நடலாமோ? பறவையளுக்கு நல்லமோ கூடாதோ?

வல்லைப்பெடியன்:
எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் யாழ்ப்பாணத்தில தொண்டைமானாற்றுப் பக்கம் ஒரு சனசமூக நிலையத்துப் பெடியள், பதினைஞ்சு பேர் வரை நிக்கிறம். வெளிநாட்டில இருக்கிற எங்கட ஊர் ஆக்கள் கொஞ்சக் காசு அனுப்பி ஊருக்கு ஏதும் நல்லது செய்யுங்கோ, மரம் நடுங்கோ எண்டவை. வல்லைப் பாலத்தால பஸ்ஸில போறவைக்குத் தெரியும், மாரித் தண்ணி வத்தத் தொடங்கினா அங்கால வெறும் சேறும் உப்பும் தான், ஒரு மரம் மட்டை இல்லை. அதுக்குள்ள 1000 கண்டல் (உப்புத் தண்ணிச் சேத்தில வளருற மரம்) கண்டு நடுவம் எண்டு யோசிச்சு இடம் பாக்கப் போனா தண்ணி விளிம்பு முழுக்கப் பறவை, தூரத்தில பூநாரையள் தலையைத் தண்ணிக்குள்ள தலைகீழாக் குத்திக்கொண்டு நிக்குது, கிட்டவா எலியள் ஓடுற மாதிரி சின்னச் சின்னக் குருவியள் ஓடித் திரியுது.

அதில ஒண்டு எழும்பேலாமல் சேத்துக்குள்ள அடிச்சுக்கொண்டு கிடந்தது. கிட்டப் போய்ப் பாத்தா ஆரோ விட்டுட்டுப் போன பழைய தங்கூசி (ஒற்றை நைலோன் இழை) வலைத் துண்டு ரெண்டு காலிலயும் சுத்தி இறுகிப் போச்சு. கையில தூக்கினா பாரமே இல்லை, நெஞ்சு அடிக்கிற அடி மட்டும் விரலுக்குத் தெரியுது. பிளேட்டால ஒவ்வொரு இழையா வெட்டி விட, கொஞ்ச நேரம் அப்பிடியே இருந்துட்டுப் பறந்துட்டுது. அண்டைக்கு இரவு எனக்கு நித்திரை வரேல்லை. உதுகள் எங்கயிருந்து வருது? கண்டல் நட்டா உதுகளுக்கு நிழல், தங்க இடம் கிடைக்கும் தானே? தெரிஞ்சாக்கள் சொல்லுங்கோ, காசு வந்து கிடக்கு, கெதியாச் செய்யவேணும்.

உயிரியல் ரீச்சர்:
தம்பி, தயவு செய்து அந்தச் சேத்துக்குள்ள நடாதேங்கோ. உங்கட மனசு நல்ல மனசு, அதால தான் உடன எழுதுறன்.

நீங்கள் கையில வச்சிருந்தது அனேகமா கொசு உள்ளான். 25 கிராம் அளவு தான் வரும், ரெண்டு மேசைக்கரண்டி சீனி அளவு. அது குஞ்சு பொரிக்கிறது வட துருவப் பக்கம், சைபீரியாவுக்கு மேல மரமே முளைக்காத வெட்டையில. அங்க குளிர் தொடங்க இஞ்ச வரும், பங்குனி சித்திரையில திரும்பிப் போகும். அவ்வளவு தூரம் பறக்கிறதுக்கு வேண்டிய கொழுப்பை அது உங்கட வல்லைச் சேத்துக்குள்ள இருக்கிற புழு பூச்சியில தான் சேர்க்குது. தண்ணி வத்த வத்த விளிம்பு நகரும், ஒவ்வொரு நாளும் புதுச் சேறு வெளிக்கும், அந்த விளிம்போட சேர்ந்து பறவையும் நகரும். நீட்டுச் சொண்டுக்காரர் ஆழமாக் குத்துவினம், கட்டைச் சொண்டுக்காரர் மேலால பொறுக்குவினம், பூநாரை சொண்டை வடி மாதிரிப் பிடிச்சுத் தண்ணியை அரிச்சு எடுக்கும். மரம் இல்லாத வெட்டை எண்டபடியால தான் பருந்து வாறதைத் தூரத்திலயே கண்டு எழும்ப ஏலுது. அதுக்குள்ள நீங்கள் 1000 மரத்தை நட்டா உதுகளின்ர சாப்பாட்டுக் கோப்பையில மண்ணைப் போட்ட மாதிரி.

மரத்தில அடையிற பறவையள் வேற. சரசாலைக் குருவிக்காட்டைப் போய்ப் பாருங்கோ, அது தானா வளர்ந்த கண்டல், நீர்க்காகமும் கொக்கும் அங்க தான் அடையும். அந்தக் காட்டைக் காப்பாத்திறது தான் கண்டலுக்குச் செய்யிற பெரிய உதவி. சுனாமிக்குப் பிறகு இலங்கையில கண்டல் நட்ட 23 இடங்களைப் போய்ப் பாத்து ஒரு ஆய்வு செய்தவை, அதில 9 இடத்தில ஒரு கண்டு கூட மிஞ்சேல்லை. பிழையான இடத்தில நட்டது, நட்டுட்டுப் போய்த் திரும்பிப் பாக்காதது, இதுகள் தான் காரணம்.

மரம் தான் வேணும் எண்டு காசு தந்தவை சொன்னா ஊர் ஒழுங்கையளில பனங்கொட்டை போடுங்கோ.

களங்கட்டி:
நான் இந்த நீரேரியில முப்பது வருசமாத் தொழில் செய்யிறன். ரீச்சர் சொன்னதில ஒண்டுக்கு மட்டும் மறுப்பு இருக்கு, கண்டல் வேண்டாம் எண்டு சனத்துக்கு விளங்கிடக் கூடாது, கரையில நிக்கிற கண்டல் வேருக்குள்ள தான் இறால் குஞ்சும் திரளிக் குஞ்சும் ஒளிக்கிறது, அதை விறகுக்குத் தறிச்சுப் போட்டா எங்கட வயித்தில தான் அடி. நிக்கிறதைத் தறிக்க விடாதேங்கோ, வெட்டைக்குள்ள புதுசா நடாதேங்கோ, ரெண்டும் ஒண்டு தான்.

தம்பி கண்ட தங்கூசி வலைக்கு வாறன். தங்கூசி தடை செய்த வலை எண்டு எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் போடுற ஆக்கள் இருக்கினம், கிழிஞ்சா கம்போட விட்டுட்டுப் போறது, அது உக்காது, வருசக் கணக்காக் கிடந்து மீனும் நண்டும் பறவையும் சாகும். போன வருசம் ஒரு கூழைக்கடாவை அப்பிடி ஒரு வலைக்குள்ள கண்டனான், நான் போகேக்க முடிஞ்சு போச்சு. எங்கட ஆக்கள் செய்யிற பிழையை நாங்கள் தான் சொல்லவேணும். அனுப்பின காசில கத்தி, கையுறை, சாக்கு, மதியச் சாப்பாடு எடுத்தா காணும், அந்த வலையளை எல்லாம் இழுத்து எடுப்பம். வத்துத் தண்ணியில என்ர தோணி போகும்.

தண்ணியும் ஒரு விசயம். தொண்டைமானாற்று அணைக்கதவு திறக்கிறதும் பூட்டுறதும் பொறுத்து உள்ளுக்குத் தண்ணி மட்டம் மாறும். விவசாயிக்கு நன்னீர் வேணும், எங்களுக்கு இறால் உள்ளுக்கு வரவேணும், பறவைக்கு முழங்கால் தண்ணி வேணும். கதவைப் பற்றிக் கூட்டம் வைச்சா மூண்டு பக்கத்தையும் கதைக்க ஆள் போகவேணும்.

மன்னார்க்காரி:
வணக்கம். நான் மன்னாரில பறவை எண்ணுற ஆக்களோட போறனான். மன்னாரில பிடிச்சு ஜிபிஎஸ் கட்டி விட்ட கடற்காகம் ரஷ்யாவின்ர ஆர்க்டிக் கரை வரைக்கும் போனதை கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து காட்டினவை. மன்னார் வங்காலை 2008 இல சரணாலயம் ஆகி 2010 இல ராம்சார் பட்டியலில (உலக முக்கிய ஈரநிலங்களின்ர பட்டியல்) வந்தது, சுண்டிக்குளம் 1938 இலயே சரணாலயம், 2015 இல தேசியப் பூங்கா ஆக்கினவை. ஆனா பறவை எல்லைக் கல்லைப் பாத்து இறங்கிறேல்லை, வல்லை, அராலி, மண்டைதீவுப் பக்கம் எல்லாம் இறங்குது, அங்க பாதுகாப்பு உங்களை மாதிரி ஊர்ப்பெடியள் தான்.

ரெண்டு விசயம் சொல்லவேணும். ஒண்டு, ட்ரோன். பூநாரையை எழுப்பிப் பறக்கவிட்டுப் படம் எடுக்கிறவையைக் கண்டா நிப்பாட்டுங்கோ, ஒவ்வொரு முறை எழும்பேக்கயும் சேர்த்த கொழுப்பு எரியுது. கட்டாக்காலி நாயும் அப்பிடித்தான். மற்றது, எண்ணுங்கோ. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 இல இருந்து ஒவ்வொரு தை மாசமும் நடக்குது. ஒரே இடத்தில, ஒரே நேரத்தில நிண்டு எண்ணி கொப்பியில எழுதி வைச்சா, நாளைக்கு ஆரும் குப்பை கொட்டவோ மண் நிரவவோ வரேக்க காட்ட உங்களிட்ட ஒரு கணக்கு இருக்கும். காயப்பட்ட பறவையோ வேட்டையோ கண்டா 1992 எண்ட நம்பருக்கு அடியுங்கோ, வனஜீவராசிகள் திணைக்களம்.

வல்லைப்பெடியன்:
ரீச்சர், அண்ணை, அக்கா எல்லாருக்கும் பெரிய நன்றி. நல்ல காலம் நடமுதல் கேட்டது. இரவே குரூப்பில உங்கட பதில்களைப் போட்டன், ரெண்டு பேர் முதல் கோவிச்சவை, கண்டுக்குச் சொல்லி வைச்சாச்சு எண்டு, பிறகு ரீச்சரின்ர சாப்பாட்டுக் கோப்பைக் கதையை வாசிச்சிட்டு ஒண்டும் சொல்லேல்லை. காசு தந்த மாமாவோடயும் கதைச்சன், வலை எடுக்கிறதுக்குச் சம்மதம், ஒரு பைனாகுலரும் வாங்கித் தாறாராம். அண்ணை, எந்த நாள் வாறது?

களங்கட்டி:
சனிக்கிழமை விடிய ஆறு மணிக்குப் பாலத்தடிக்கு வாங்கோ. எட்டுப் பேர் காணும், கனபேர் வந்தா பறவை எழும்பும். செருப்புப் போட்டு வராதேங்கோ, சேறு இழுத்துப் போடும், பழைய சப்பாத்துக் கட்டிக்கொண்டு வாங்கோ. பறவை நிக்கிற பக்கம் பிறகு பாப்பம், முதல் சந்நிதி கோயில் பக்கக் கரையில தொடங்குவம், அங்க தான் கனக்க வலை கிடக்கு.