வாஷர் கணக்கில் 3,800 குறைகிறது, 702 (எண்ணிக்கைக் குறைவைக் கழிக்கும் பதிவு) போடச் சொல்கிறார்கள். போடலாமா?

கேள்வி: ஒரகடம், ஸ்டோர்ஸ் கிளார்க்

வணக்கம். கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் ஸ்டாக் கணக்கு பார்க்கிறேன். சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. எம்8 ப்ளெய்ன் வாஷர் எஸ்ஏபி மென்பொருளில் 42,000 காட்டுகிறது. நேற்று எண்ணும் தராசில் போட்டதில் 38,200தான் வந்தது. பத்து வாஷரை மாதிரியாக வைத்து மொத்தத்தையும் எடை போட்டேன், 72.58 கிலோ. மறுபடி போட்டும் அதேதான். ஜிஆர்என் (சரக்கு வரவுச் சீட்டு) எல்லாம் இன்வாய்ஸோடு சரியாக இருக்கிறது. நாளை மாதக் கடைசி. “702 போட்டுக் கழித்துவிடு” என்கிறார் சூப்பர்வைசர். பதிவு என் ஐடியில்தான் விழும். பயமாக இருக்கிறது. எங்கே தேட வேண்டும் என்று யாராவது சொல்லுங்கள்.

பதில்: ஓசூர், 14 வருடம் ஸ்டோர்ஸில்

தம்பி, இன்றைக்கு 702 போட வேண்டாம். முதலில் தராசைப் பாருங்கள். எம்8 வாஷர் ஒன்று இரண்டு கிராம்கூட இருக்காது. பத்து வைத்தால் 18, 19 கிராம்தான். உங்கள் தராசு கிராம் கணக்கில் மட்டும் காட்டுவதாக இருந்தால், அதில் ஒரு கிராம் இடறினாலே ஐந்து சதவீதத்துக்கு மேல் போய்விடும். இரண்டு முறை போட்டாலும் அதே தவறுதான் திரும்ப வரும். கையால் 100 எண்ணி மாதிரி வையுங்கள். போல்ட்டுக்குப் பத்து போதும், வாஷருக்குப் போதாது.

பதில்: கோவை, உற்பத்தித் திட்டமிடல்

உற்பத்தி லைனுக்குச் சரக்கு எப்படிப் போகிறது? பேக்ஃப்ளஷ், அதாவது உற்பத்தியைப் பதியும்போதே பாகங்கள் தானாகக் கழியும் முறை என்றால், பதிவாகாமல் நின்றவற்றைக் காட்டும் கோகி திரையைத் திறந்து பாருங்கள். ஸ்டோர்ஸிலிருந்து பெட்டியைக் கொடுத்துவிட்டு 311 (ஸ்டோர்ஸ் இருப்பை லைன் இருப்புக்கு மாற்றும் பதிவு) போடாமல் விட்டால், எஸ்ஏபியில் லைன் இருப்பு தீர்ந்துபோகும். உற்பத்தியைப் பதியும்போது 261 (செலவுப் பதிவு) விழாமல் கோகியில் தேங்கி நிற்கும். வாஷர் வண்டியில் ஏறிப் போயிருக்கும், கணக்கில் மட்டும் உங்கள் ஸ்டோர்ஸ் பின்னிலேயே (சரக்கு வைக்கும் தொட்டி) இருக்கும்.

இந்த நிலையில் 702 போட்டால் ஆபத்து. நாளைக்கு யாராவது கோகியைச் சரிசெய்ய 311 போடுவார்கள். அப்போது அதே வாஷர் உங்கள் கணக்கிலிருந்து இரண்டாம் முறை கழியும். இல்லாத குறைவை நீங்களே உண்டாக்கியது போல ஆகிவிடும். கடைசியாக எண்ணிய தேதியிலிருந்து எம்பி51 (சரக்குப் பதிவுகளின் பட்டியல்) எடுத்து, இஷ்யூ சீட்டுகளோடு வரிவரியாக ஒப்பிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் ரொம்ப நன்றி. 100 வாஷர் 183 கிராம் வந்தது. முன்பு பத்துக்கு 19 கிராம் என்று தராசு எடுத்துக்கொண்டிருக்கிறது. புதுக் கணக்குப்படி 39,660 இருக்கிறது. அப்படியும் 2,340 குறைகிறது. கோகியில் எட்டு வரி நிற்கிறது, எல்லாம் இந்த வாஷர்தான். நைட் ஷிப்டில் ஆயிரம் ஆயிரமாக இரண்டு பெட்டி போயிருக்கிறது. லைன் லீடரின் நோட்டில் எழுதியிருக்கிறார்கள், எங்களிடம் சீட்டு இல்லை. இப்போது என்ன வரிசையில் செய்வது?

பதில்: கோவை, உற்பத்தித் திட்டமிடல்

லைன் லீடரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு 2,000க்கு 311 போடுங்கள். அப்புறம் கோகி வரிகளை மறுபடி ஓட்டச் சொல்லுங்கள். மீதி 340, அதாவது ஒரு சதவீதத்துக்கும் கீழே. அதற்கு மட்டும் காரணம் எழுதி, மேலாளர் ஒப்புதலோடு 702 போடலாம்.

பதில்: அம்பத்தூர், அக்கவுண்ட்ஸ்

ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். தொலைந்தது என்று கணக்கிலிருந்து நீக்கும் சரக்குக்கு, சிஜிஎஸ்டி சட்டம் 17(5)(எச்) பிரிவின்படி உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்வது) கிடையாது, எடுத்ததைத் திருப்ப வேண்டும். தொகை சிறியதுதான், ஆனாலும் 702 போட்டதும் அக்கவுண்ட்ஸுக்கு ஒரு மெயில் அனுப்பிவிடுங்கள். உண்மையில் லைனில் செலவான 3,460 வாஷரைத் தொலைந்ததாக எழுதினால் வரியிலும் தவறு ஏறும்.

கேள்வி கேட்டவர்

அக்கா, 3,460 இல்லை. தராசுத் தவறு 1,460, அந்த வாஷர் பின்னிலேயே இருக்கிறது. லைனுக்குப் போனது 2,000.

பதில்: அம்பத்தூர், அக்கவுண்ட்ஸ்

ஆமாம், நான்தான் இரண்டையும் சேர்த்துவிட்டேன். நீங்கள் சொல்வதுதான் சரி. இதே விளக்கத்தை அப்படியே மெயிலில் எழுதுங்கள்.

பதில்: ஓசூர், 14 வருடம் ஸ்டோர்ஸில்

நல்லது தம்பி. நைட் ஷிப்டுக்கு எண் போட்ட சீட்டுப் புத்தகம் ஒன்றை ஸ்டோர்ஸ் கதவிலேயே கட்டித் தொங்கவிடுங்கள். காலையில் வந்ததும் முதல் வேலையாக அதைப் பார்த்து 311 போட்டுவிடுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.