மழைக்கு மறுநாள் கிடைத்த எண்: தளத்தில் கான்கிரீட் சோதனை அனுபவங்கள்

தளச்சோதகர்:
கான்கிரீட்டுக்குள் காற்று எவ்வளவு எளிதில் ஊடுருவுகிறது என்று அளக்கும் டாரண்ட் கருவியோடு தூண்களைச் சோதிக்கப் போனேன். முந்தைய இரவு நல்ல மழை. "காயட்டும் சார்" என்றேன். மாலைக்குள் அறிக்கை வேண்டுமாம். வெற்றிடக் கிண்ணம் கச்சிதமாக ஒட்டிக்கொண்டது, கேடி மதிப்பு (காற்று ஊடுருவும் அளவு, குறைந்தால் நல்லது) 0.1-க்குக் கீழே. ஒப்பந்தக்காரர் திரையைக் கைப்பேசியில் படமெடுத்து எல்லோரிடமும் காட்டித் திரிந்தார். நன்றாக வெயில் அடித்த பிறகு அதே வட்டத்தில் வைத்தேன், 1-ஐத் தாண்டிவிட்டது. 'குறைவு' வகையில் இருந்த தூண் 'அதிகம்' வகைக்குப் போய்விட்டது! அறிக்கையில் ஏறியது என்னவோ முதல் எண்தான்.

நான்முனை:
கருவியைக் குறை சொல்லாதீர்கள். நுண்துளைகளில் நீர் நிறைந்திருந்தால் காற்று எந்த வழியாகப் போகும்? மேற்பரப்பு ஈரப்பதம் 5.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று சுவிஸ் தரநிலை எஸ்ஐஏ 262/1 சொல்கிறதே, ஈரமானியை முதலில் வைத்திருக்கலாம். என் கதை சிறியது. கான்கிரீட்டின் மின்தடை அளவியின் நான்கு முனைகளையும் உள்ளிருக்கும் இரும்புக் கம்பியின் போக்கிலேயே வைத்துவிட்டு, 'கான்கிரீட் மோசம்' என்று எழுதினார் ஒருவர். மின்சாரம் கம்பி வழியாக ஓடி மின்தடையைக் குறைத்துக் காட்டியிருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே உள்ளே கம்பி எங்கே என்று காட்டும் கவர் மீட்டரால் கம்பிகளைக் குறித்துக்கொண்டு, அவற்றுக்கு இடைப்பட்ட கட்டத்துக்குள் மூலைவிட்டமாக வையுங்கள். காற்று அளவையும் மின்தடையையும் சேர்த்தே எடுங்கள். நல்ல கான்கிரீட்டில் கேடி குறையும், மின்தடை ஏறும். இரண்டுமே குறைந்தால் ஈரத்தைச் சந்தேகியுங்கள். ஒரே இடத்தில் எடுத்து நிறுத்திவிடாதீர்கள். வெயில் படும் பக்கம், படாத பக்கம் இரண்டும் வேண்டும்.

பழையதூண்:
இருவரும் புதுக் கான்கிரீட்டையே பேசுகிறீர்கள். நாங்கள் பழைய தூணின் கவரை (கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டை) உடைத்து, தூசியை ஊதிவிட்டு, காரத்தன்மை இருந்தால் இளஞ்சிவப்பாகும் பினாப்தலின் தெளித்தோம். கம்பி வரை நிறமே வரவில்லை. கம்பிக்குப் பின்னால்தான் இளஞ்சிவப்பு. உரிமையாளர் அந்தச் சிவப்பைத் தொட்டு, "இவ்வளவுதானே கெட்டிருக்கிறது?" என்று நிம்மதியாகக் கேட்டார். கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரத்தன்மை மிஞ்சியிருப்பதே அங்குதான் என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது? மேற்பரப்பின் கடினத்தை அளக்கும் ரீபவுண்ட் சுத்தியலில் வேறு எண் பிரமாதமாக வந்திருந்தது. காற்றிலுள்ள கரியமில வாயு காரத்தைக் குறைக்கும் கார்பனேற்றம் மேற்பரப்பை இறுக்கிவிடுமே, வராமல் என்ன செய்யும்!

தளச்சோதகர்:
நான்முனை, ஈரமானி கையில்தான் இருந்தது. வரம்பு மீறிய அளவையும் எழுதிக் கொடுத்தேன். அந்தப் பத்தி இல்லாமல் அறிக்கை வெளியே போனது. அதற்கு எந்தத் தரநிலையில் வழி எழுதியிருக்கிறது?