ஆம்ப் கிட்: கிரவுண்ட் காலில் மட்டும் ஈயம் உருண்டு நிற்கிறது

தேனிக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். டிடிஏ2030ங்கிற ஆம்ப்ளிஃபயர் ஐசி ரெண்டு வச்ச ஸ்டீரியோ ஆம்ப் கிட் ஒண்ணு வாங்கி அசெம்பிள் பண்றேன். டிரான்ஸ்ஃபார்மர் 12-0-12 (நடுக் கம்பி பூஜ்யம், ரெண்டு பக்கமும் 12 வோல்ட்), 3 ஆம்பியர். கையில இருக்கிறது 25 வாட் சாதா சால்டரிங் அயர்ன், 60/40 ஈயம் (60 பங்கு தகரம், 40 பங்கு காரீயம்), ஒரு டப்பா சால்டரிங் பேஸ்ட்.

ரெசிஸ்டர், சின்ன கெபாசிட்டர் எல்லாம் ஞாயித்துக்கிழமை பகல்ல போட்டேன். நல்லாவே வந்துச்சு. 4700 மைக்ரோ ஃபாரட் ஃபில்டர் கெபாசிட்டரையும் ஸ்பீக்கர் கனெக்டரையும் வேலை முடிஞ்சு வந்து ராத்திரி போட்டேன். அதுல கிரவுண்ட் பக்கத்துக் காலுல மட்டும் ஈயம் உருண்டையா நிக்குது, பரவ மாட்டேங்குது. ஆன் பண்ணா இடது சேனல்ல கர்ர்னு சத்தம். போர்டை விரலால அழுத்தினா பாட்டு சுத்தமா வருது, விட்டா திரும்பவும் கர்ர்.

அயர்ன் முனை வேற கறுத்துப்போய் ஈயமே பிடிக்கல. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா? பேஸ்ட்டை இன்னும் தாராளமா வைக்கணுமா?

ஸ்பீக்கர் பைத்தியம்:
25 வாட்டை வச்சுக்கிட்டு கிரவுண்ட்ல மல்லுக்கட்ட முடியாது ப்ரோ. 60 வாட் வாங்குங்க, முடிஞ்சது.

பிக்சர் டியூப்:
தம்பி, 60 வாட் இருக்கட்டும். பகலில் போட்டது நன்றாக இருக்கிறது, ராத்திரி போட்டது மோசம் என்கிறீர்கள். உங்கள் தெருவில் ராத்திரி வோல்டேஜ் எவ்வளவு வரும்?

தேனிக்காரன்:
அண்ணே, அதை யோசிக்கவே இல்ல. ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசர்ல இப்போ பார்த்தேன், இன்புட் 190 காட்டுது. ஃபேனும் மெதுவாத்தான் சுத்துது.

பிக்சர் டியூப்:
அப்படியானால் பாதி விஷயம் அங்கேயே இருக்கிறது. கைப்பிடியில் 25 வாட் என்று போட்டிருப்பது 230 வோல்ட்டுக்கு. வோல்டேஜ் குறைந்தால் வாட் அதைவிட வேகமாக இறங்கும், வர்க்கக் கணக்கு. 190-ல் உங்கள் அயர்ன் சுமார் 17 வாட்தான். ரெசிஸ்டர் காலுக்கு அது போதும். கிரவுண்ட் கால் அப்படியில்லை. கால் ஒட்ட வேண்டிய தாமிர வட்டம்தான் பேடு, அதைச் சுற்றி போர்டு முழுக்கத் தாமிரம், நீங்கள் கொடுக்கிற சூட்டையெல்லாம் அது நாலு பக்கமும் இழுத்துக்கொண்டு போய்விடும். நல்ல போர்டில் கிரவுண்ட் பேடைச் சுற்றி வெட்டு விட்டு, மெல்லிய நாலு பாதையில் மட்டும் இணைத்திருப்பார்கள். மலிவு கிட்டில் அதை எதிர்பார்க்காதீர்கள்.

ஈயம் முனையில் உருகுகிறது, ஆறிப்போன பேடில் விழுகிறது, தாமரை இலைத் தண்ணீராக உருண்டு நிற்கிறது. கால் அதற்குள் செருகி இருக்கிறதே தவிர ஒட்டவில்லை. அதனால்தான் அழுத்தினால் தொடுகிறது, விட்டால் விலகுகிறது.

பழைய பிக்சர் டியூப் டிவியைத் தட்டினால் படம் வருமே, நினைவிருக்கிறதா? அது வேறு கதை. டியூபுக்கு உயர் வோல்டேஜ் தரும் ஈஹெச்டி டிரான்ஸ்ஃபார்மர் கால், வெர்டிகல் ஐசி கால் எல்லாம் வருஷக்கணக்கில் சுட்டு, ஆறி, சுட்டு, ஆறி, காலைச் சுற்றி மயிரிழை வளையமாக வெடித்திருக்கும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து லென்ஸில் பார்த்தால்தான் தெரியும். கடைக்கு வந்த செட்டில் பாதிக்கு அதுதான் வைத்தியம். ஆனால் அது ஒட்டிய பிறகு வெடித்தது. உங்களுடையது முதலில் ஒட்டவே இல்லை.

இப்போது வேலைக்கு வருவோம். பிளக்கைப் பிடுங்கி, கெபாசிட்டர் சார்ஜ் இறங்கிய பிறகு தொடுங்கள். பழைய உருண்டைக்கு மேலேயே ஈயம் வைக்காதீர்கள், ஈயத்தை ஒட்ட வைக்கிற ஃபிளக்ஸ் எல்லாம் அதில் கருகிப் போயிருக்கும். கொஞ்சம் புது ஈயம் வைத்து இளக்கி, ஈயம் உறிஞ்சும் பம்பில் எடுத்துவிடுங்கள். கெபாசிட்டர் கால் மங்கலாக இருந்தால் பிளேடால் லேசாகச் சுரண்டுங்கள். முனை ஊசியாக இருந்தால் மாற்றி, உளி மாதிரி தட்டையானது போடுங்கள். தட்டைப் பக்கம் காலையும் பேடையும் சேர்த்துத் தொட வேண்டும். தொட்ட இடத்தில் துளி ஈயம், சூடு கடத்துவதற்கு. ஓரிரு நொடி பொறுத்து, எதிர்ப்பக்கத்திலிருந்து ஈயக் கம்பியைப் பேடில் கொடுங்கள், முனையில் கொடுக்காதீர்கள். சூடு ஏறியிருந்தால் ஈயம் தானாகவே காலைச் சுற்றி ஓடும், விளிம்பு மெலிந்து பேடோடு பேடாகப் படியும். முதலில் கம்பி, பிறகு அயர்ன் என்ற வரிசையில் எடுங்கள். ஆறுகிற வரை ஆட்டாதீர்கள், வாயால் ஊதவும் வேண்டாம்.

சின்னக் காலுக்கு இரண்டு மூன்று நொடி, கிரவுண்டுக்கு நாலைந்து நொடி. அதற்குள் ஓடவில்லையா, விட்டுவிட்டு ஆறவிடுங்கள். பிடித்துக்கொண்டே இருந்தால், முக்கியமாக அந்தப் பழுப்பு நிற மலிவு போர்டில், பேடு பெயர்ந்து கையோடு வந்துவிடும்.

முனை விஷயம்: காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் மேலே இரும்பு முலாம் இருக்கிறது, அதில் உப்புத்தாள் படவே கூடாது. முலாம் போனால் உள்ளே இருக்கும் தாமிரத்தை ஈயத்திலுள்ள தகரம் கரைத்துக் குழி விழ வைத்துவிடும். காந்தம் ஒட்டாத வெறும் தாமிர முனை என்றால் தாராளமாக அரம் போடலாம், நாங்கள் அப்படித்தான் ஓட்டினோம். முலாம் முனைக்கு ஈர ஸ்பாஞ்சும் புது ஈயமும் மாற்றி மாற்றிக் கொடுங்கள், கறுப்பு விடும். அணைக்கும்போது முனையில் ஈயம் பூசியே அணையுங்கள்.

பேஸ்ட் வேண்டாம். ஈயக் கம்பிக்குள்ளேயே ரோசின் என்ற ஃபிளக்ஸ் இருக்கிறது. டப்பா பேஸ்ட்டில் சிலது ஆசிட் கலந்தது, தகரப் பற்றவைப்புக்கானது. போர்டில் தங்கினால் பச்சை பூக்கும், தடத்தை அரிக்கும். ஏற்கெனவே வைத்ததை ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் பழைய பல் பிரஷும் வைத்துக் கழுவிவிடுங்கள்.

ரோசின்:
அண்ணன் சொன்னதோடு கொஞ்சம். 60 வாட் வாங்கினால் வெப்பநிலை கட்டுப்பாடு உள்ளதாக வாங்குங்கள். சும்மா 60 வாட் என்றால் பகலில் 240 வரும்போது முனை கண்டபடி சுடும், ரோசின் தொட்டதும் கருகும், பேடும் போகும். கட்டுப்பாடு இருந்தால் 350 டிகிரியில் வைத்துவிட்டு, கிரவுண்டுக்கு முனையை மட்டும் பெரிதாக மாற்றிக்கொள்ளலாம்.

கிடைத்தால் 63/37 ஈயம் நல்லது. அது 183 டிகிரியில் ஒரேயடியாக உறையும். 60/40 உறைவதற்கு முன் சில டிகிரிக்குக் கூழாக நிற்கும், அந்த நேரத்தில் கை ஆடினால்தான் சொரசொரப்பாகப் போகிறது. லெட்-ஃப்ரீ (காரீயம் இல்லாதது) இப்போது வேண்டாம், அதற்கு 217-க்கு மேல் வேண்டும். அதில் ஜாயிண்ட் நன்றாக இருந்தாலும் மங்கலாகத்தான் தெரியும், பளபளப்பை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

எதைப் போட்டாலும் சாப்பிடும் முன் கை கழுவுங்கள். புகை ரோசின் புகைதான், ஆனாலும் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

ஸ்பீக்கர் பைத்தியம்:
வோல்டேஜை நான் கேக்கவே இல்ல. சரி, ஆனா 60 வாட் கட்சியை விடல 😄

தேனிக்காரன்:
இன்னிக்கு மத்தியானம் 228 இருந்துச்சு, உட்கார்ந்துட்டேன். காந்தம் ஒட்டுச்சு, உப்புத்தாள் தப்பிச்சது. கெபாசிட்டர் கால் எல்லாம் அண்ணன் சொன்ன மாதிரியே ஓடிப் படிஞ்சுது. ஆனா ஸ்பீக்கர் கனெக்டர்ல ஒரு பேடு பெயர்ந்துடுச்சு, பம்ப் வைக்கும்போது. போர்டே போச்சா?

பிக்சர் டியூப்:
போர்டுக்கு ஒன்றும் இல்லை. அந்தப் பேடுக்குப் போகிற தடத்தில் கொஞ்ச தூரம் மேல்பூச்சைப் பிளேடால் சுரண்டுங்கள், தாமிரம் மின்னும். ரெசிஸ்டரில் வெட்டிப்போட்ட கால் துண்டு ஒன்றை எடுத்து, ஒரு முனையைத் தடத்திலும் மறுமுனையைக் கனெக்டர் காலிலும் வைத்துப் பற்றவையுங்கள். அசையாமல் இருக்கத் துளி பசை.

ஸ்பீக்கரை உடனே மாட்டாதீர்கள். இந்த கிட் 12-0-12-ல் பிளஸ், மைனஸ் சப்ளையில் ஓடுவது. அவுட்புட்டில் கெபாசிட்டர் இருக்காது, தப்பு இருந்தால் டிசி நேராக ஸ்பீக்கருக்குப் போகும். இன்புட்டை கிரவுண்டோடு ஷார்ட் செய்துவிட்டு, இரண்டு அவுட்புட்டையும் மீட்டரில் டிசி வைத்துப் பாருங்கள். சில பத்து மில்லிவோல்ட் இருந்தால் மாட்டலாம். பத்துப் பதினைந்து வோல்ட் காட்டினால், ஐசியின் 4-ம் காலிலிருந்து 2-ம் காலுக்கு வருகிற ரெசிஸ்டரின் இரண்டு ஜாயிண்டையும் முதலில் பாருங்கள். அதில் ஒன்று பிடிக்காவிட்டாலே அவுட்புட் ஒரு பக்கமாகப் போய் ஒட்டிக்கொள்ளும்.